கழுத்தளவு கோபம்

பௌர்ணமி கிரிவலத்துக்காகச் செங்கம் சாலையில் போட்டிருந்த தடுப்பில் நின்ற காவலரிடம், ஸ்கூட்டரில் வந்த அவர், "சார், எனக்கு நெஞ்சு வரைக்கும் வந்துடுச்சு. சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்க" என்றார்.

காவலர் இளைஞர், வெளியூரிலிருந்து பாதுகாப்புப் பணிக்கு அனுப்பப்பட்டவர். முகம் மாறிவிட்டது. "நெஞ்சு வலியாம்மா? உக்காருங்க, உக்காருங்க. டேய், அந்தச் சேரை எடு. ஆம்புலன்ஸ் எங்க நிக்குது பாரு" என்று பரபரத்தார்.

"வலி இல்ல சார், கோவம்."

"கோவமா?"

"ஆமா. இந்தப் பக்கம் வண்டி விடமாட்டேன்றீங்க. அந்தப் பக்கம் போனா அங்கயும் விடமாட்டேன்றாங்க. மாடியில பசங்க எனக்காகக் காத்துட்டு இருக்காங்க. முட்டியில ஆரம்பிச்சது, இப்ப நெஞ்சு. இன்னும் கொஞ்சம் ஏறினா நான் கத்துவேன். கத்தினா உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். அதான் முன்னாடியே சொல்லிடறேன்."

அந்தக் காவலரிடம் காலையிலிருந்து பல பேர் கத்தியிருப்பார்கள். கத்தப்போகிறேன் என்று முன்கூட்டியே தகவல் கொடுத்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஸ்கூட்டரைத் தடுப்புக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து போகச் சொன்னார். "நான் பார்த்துக்கறேன், போங்கம்மா."

"இப்ப முட்டிக்கு எறங்கிடுச்சு. ரொம்ப தேங்க்ஸ்" என்று அதையும் முறையாகத் தெரிவித்துவிட்டு அவர் கூட்டத்துக்குள் நடந்தார். பின்னால் என் மகளைக் கையில் பிடித்தபடி நான் நின்றிருந்தேன். காவலர் என்னைப் பார்த்து, "இன்னா சார் இவங்க?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் என் மகள் முந்திக்கொண்டாள்.

"எங்க அக்கா."

அவருக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பிள்ளைகளுக்கு அக்கா, பெற்றோர்களுக்கு மேடம். பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்த நாட்களில் நான் ஒரு நாளிதழின் திருவண்ணாமலைச் செய்தியாளனாக இருந்தேன். அவரைப் பற்றி எழுத ஒருமுறை அனுமதி கேட்டேன். மறுத்துவிட்டார். "என் பேரு பேப்பர்ல வந்தா, நாளைக்கு என் மாடிப்படி ஏறுறவங்களை எல்லாம் கீழ டீக்கடையில உக்காந்துட்டு பார்ப்பாங்க. உன் பிள்ளைக்கு என்ன கோளாறுன்னு கேப்பாங்க. ஊரு சின்னது சார்."

அதனால்தான் அந்த மாடிக்குப் பெயர்ப்பலகையும் கிடையாது. கீழே ரஹீம் பாயின் மெத்தைக் கடை. பக்கவாட்டில் ஒரு குறுகிய படி ஏறினால் மேலே நீளமான கூடம். சனிக்கிழமைதோறும் அங்கே ஏழு வயது முதல் பதினொரு வயது வரையிலான எட்டுப் பிள்ளைகள் வருவார்கள். அடிக்கிற பிள்ளைகள், கடிக்கிற பிள்ளைகள், பேசாத பிள்ளை, கோபம் வந்தால் தன் பென்சில்களைத் தானே உடைக்கிற பிள்ளை. மருத்துவமனை மொழியில் அதற்குக் குழு சிகிச்சை என்று பெயர். வேலூரில் ஒரு மருத்துவமனையில் மனநல ஆலோசகராகப் பல வருடம் இருந்தவர் அவர். பெற்றோர்களாகிய நாங்கள் அக்கம்பக்கத்தில் அபாகஸ் வகுப்பு என்று சொல்லிவைத்திருந்தோம். அதை நம்பி ஒருவர் தன் மகனைச் சேர்க்க வந்துவிட்டார்.

"அபாகஸ் இல்லீங்க. இங்க ஒழுங்கா கோவப்படச் சொல்லித்தர்றோம்" என்றார் அவர்.

"அது அவனுக்கு நல்லாவே வருதுங்க" என்று வந்தவர் மகனைக் கூட்டிக்கொண்டு இறங்கிப்போனார். இதை மேடம் எங்களிடம் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

நாங்கள் அந்த மாடிப்படி ஏறிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் தாரிணி அப்போது மூன்றாம் வகுப்பு. வகுப்பில் ஒரு பையன் அவள் வரைந்த படத்தை எடுத்து எல்லோருக்கும் காட்டிச் சிரித்திருக்கிறான். கையில் இருந்த ஸ்டீல் தண்ணீர் பாட்டிலை வீசிவிட்டாள். பையனின் நெற்றியில் தையல் போட வேண்டியிருந்தது. அது முதல் சம்பவம் அல்ல. ஏற்கெனவே இதே காரணத்துக்காக ஒரு பள்ளியிலிருந்து மாற்றப்பட்டவள். தாளாளர் எங்களைக் கூப்பிட்டு, பருவம் முடியும்வரை பார்ப்பதாகவும், அதற்குப் பிறகு டிசி கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பதாகவும் சொன்னார். ஊரில் வேறு பள்ளிகள் இல்லாமல் இல்லை. ஆனால் இரண்டாவது டிசியோடு போகும் பிள்ளையின் கதை, பிள்ளை போய்ச் சேரும் முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

முதல் நாள் நானும் மனைவியும் தாரிணியோடு மேலே போனபோது அவர் தொலைபேசியில் தண்ணீர் லாரிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். பேருந்து நிலையத்தில் ஆள் கூப்பிடுகிறவர்களுக்கு இருக்கும் குரல். "அண்ணே, காலையில வர்றேன்னீங்க, மத்தியானம் வர்றேன்னீங்க. எனக்குக் கழுத்துக்கு வந்துடுச்சு. இப்ப பேசினா தப்பாப் பேசிடுவேன். போனை வெச்சுட்டு நானே அப்புறம் கூப்பிடறேன்." வைத்துவிட்டு, எங்களைக் கையால் உட்காரச் சொல்லிவிட்டு, எதுவும் பேசாமல் மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.

சாந்தமான ஒருவரை எதிர்பார்த்துப் போயிருந்தோம். மெல்லிய குரல், புன்னகை, அப்படி ஏதாவது. மனைவி என் காதருகே, "இவங்களுக்கே கோவம் ஜாஸ்தி போலிருக்கு" என்றாள். திரும்பி வந்துகொண்டிருந்தவரின் காதில் அது விழுந்துவிட்டது.

"ஆமாம்மா, ஜாஸ்திதான்" என்றார் அவர். "கம்மியா இருக்கறவங்களுக்கு இந்த வேலை புரியாது."

தாரிணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அன்று வீட்டிலிருந்து கிளம்பியபின் அவள் யாரையும் நிமிர்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

கூடத்தின் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு உருவம் வரையப்பட்டிருந்தது. முகம் கிடையாது. அதன் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு நைலான் கயிறு. பிள்ளைகள் உள்ளே வந்ததும், துணி காயப்போடும் கிளிப் ஒன்றை எடுத்து, தங்கள் கோபம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில் மாட்ட வேண்டும். ஏரியில் இறங்குகிறவர்கள் தண்ணீரின் ஆழத்தைச் சொல்கிற கணக்குதான். கணுக்கால், முட்டி, இடுப்பு, நெஞ்சு, கழுத்து. ஆளுக்கொரு நிறம். சிவப்பு அவருடையது. அதை அவர்தான் முதலில் மாட்டுவார். சிவப்பு கிளிப் கணுக்காலில் நின்ற சனிக்கிழமையை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு ஆழத்துக்கும் செய்யவேண்டியது ஒன்று இருந்தது. முட்டி என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட வேண்டும். இடுப்பு என்றால் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். மேசை விளிம்போ, தன் சட்டை நுனியோ, எதுவானாலும் சரி. நெஞ்சு என்றால் கரையேற வேண்டும். கரை என்பது மாடிப்படியின் மேல்படி. கழுத்துக்கு வந்துவிட்டால் பேச்சே கிடையாது, எழுந்து போய்விட வேண்டியதுதான். அப்போது யாரும் எங்கே, ஏன் என்று கேட்கக் கூடாது.

"ஏன்னு கேட்டாத்தானே மேடம் காரணம் தெரியும்?" என்று ஒரு தாய் கேட்டார்.

"கழுத்துத் தண்ணியில தத்தளிக்கிறவன்கிட்ட ஏன்டா எறங்கினேன்னு கேப்பீங்களா, கையைக் குடுப்பீங்களா? மேல வரட்டும், தலை துவட்டட்டும். அப்புறம் உக்கார வெச்சுக் கேளுங்க. கேக்காம மட்டும் விட்டுடாதீங்க."

எல்லோரையும் ஒன்றாக உட்காரவைப்பது ஏன் என்று நான் கேட்டேன். தனித்தனியாகப் பார்த்தால் சீக்கிரம் சரியாகுமே என்பது என் கணக்கு. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உங்க பொண்ணு என்கூடத் தனியா இருந்தா தங்கம் சார். எட்டுப் பேரும் அப்படித்தான். கோவம் தனியா வராது. அது வர்றதுக்கு இன்னொரு பிள்ளை வேணும்."

அந்த இன்னொரு பிள்ளையை அவர் கேரம் போர்டு வழியாகக் கொண்டுவந்தார். ஆட்டத்தின் நடுவில் வேண்டுமென்றே அநியாயமாக ஒரு விதி போடுவார். "இந்த ஆட்டத்துல இம்தியாஸ் போட்ட காய் செல்லாது." ரஹீம் பாயின் மகன் இம்தியாஸ் பதினொரு வயதுப் பையன். ஸ்ட்ரைக்கரை வீசி எறிவதில் தேர்ந்தவன். அவன் கையை ஓங்குவான். மற்ற ஏழு பேரும் அவனைப் பார்ப்பார்கள். "எவ்ளோ?" என்று யாராவது கேட்பார்கள். "நெஞ்சு" என்பான் பல்லைக் கடித்துக்கொண்டு. "அப்ப படிக்கட்டுக்குப் போடா, உன் காயை நான் பாத்துக்கறேன்." சில நாள் போவான். சில நாள் ஸ்ட்ரைக்கர் ஜன்னல் வழியாகக் கீழே மெத்தைக் கடை வாசலில் போய் விழும். பாய் கீழிருந்து, "மேடம், இன்னிக்கு நல்லா வந்துச்சா பாடம்?" என்று குரல் கொடுப்பார்.

ஆசிரமப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்மணி, பிள்ளைகளுக்குத் தியானம் சொல்லித்தர ஆசைப்பட்டு ஒரு சனிக்கிழமை வந்தார். எல்லோரும் கண்ணை மூட வேண்டும் என்றார். இவர் உடனே குறுக்கிட்டார். "கண்ணு தெறந்தே இருக்கட்டும். மூடினா பயப்படற பிள்ளைங்க ரெண்டு பேர் இங்க இருக்காங்க." யார் அந்த இருவர் என்று சொல்லவில்லை. வந்தவரும் கேட்கவில்லை. அன்று எட்டுப் பிள்ளைகளும் கண்ணைத் திறந்தபடி தியானம் செய்தார்கள். ஏறக்குறைய நன்றாகவே செய்தார்கள்.

இந்த ஏற்பாட்டை ஒருமுறை நாங்கள்தான் கெடுத்தோம், பெற்றோர்கள் எல்லோருமாகச் சேர்ந்து. கிளிப் கீழே இருந்தால் பிள்ளை தேறிவிட்டது என்று எங்களுக்குள் ஒரு எண்ணம் வந்துவிட்டது. கூடத்துக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தபடி விசாரித்துக்கொள்வோம். "உங்க பையன் இன்னிக்கு எதுல?" "முட்டிங்க." "எங்க பொண்ணு கணுக்கால்." ரஹீம் பாய் மகனுக்குக் கணுக்கால் கிளிப் ஒன்றுக்கு ஒரு ஃபலூடா என்று அறிவித்தார். என் மனைவி காலண்டரில் நட்சத்திரம் ஒட்டினாள். சில வாரங்களில், நாங்கள் யாரும் எதிர்பார்க்காத வேகத்தில், எட்டுக் கிளிப்பும் கணுக்காலுக்கு இறங்கிவிட்டன.

அன்று அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார். உள்ளே பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு சின்னப் பையன் தன் முன்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் கணுக்கால்லதான் நிக்கறீங்களா?"

"ஆமாக்கா" என்றது கூட்டம்.

"அப்ப இவன் கையில இருக்கற பல்லு யாருது?"

அவர் சிவப்பு கிளிப்பை எடுத்து நெஞ்சில் மாட்டினார். பிறகு வெளியே வந்து எங்களை உள்ளே கூப்பிட்டார். நாங்கள் அதுவரை பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்ததில்லை. ஆளுக்கொரு கிளிப் கொடுத்து, "மாட்டுங்க" என்றார்.

ரஹீம் பாய் முதலில் போனார். பெரிய உடம்பு, குனிந்து கணுக்காலில் மாட்டினார்.

"அத்தா, பொய்!" என்றான் இம்தியாஸ். "காலையில கடையில அந்தப் பஞ்சு மூட்டைக்காரரை என்னா கத்து கத்தினீங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். பாயும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. கிளிப்பைக் கழற்றி இடுப்புக்குக் கொண்டுபோனார். மகனைப் பார்த்தார். அவன் தலையை ஆட்டினான். நெஞ்சுக்கு ஏற்றினார். அதற்குப் பிறகு போன யாரும் கணுக்காலில் மாட்டவில்லை. என் மனைவி எங்கே மாட்டினாள் என்பதைப் பார்த்த பிறகு, நான் வீட்டில் கொஞ்சம் கவனமாக இருக்க ஆரம்பித்தேன்.

"கணுக்காலுக்குப் பரிசு கெடையாது" என்றார் அவர். "கழுத்துக்குத் தண்டனை கெடையாது. உண்மைய சொன்னதுக்கும் பரிசு கெடையாது. பரிசே கெடையாது. கடிச்சது யாருன்னு நான் கேக்கப்போறதில்ல. கடிச்சவங்களுக்குத் தெரியும். போர்டை எடுங்க, ஆடலாம்."

அவர் யாரையும் நல்ல பிள்ளை என்று சொல்லி நான் கேட்டதில்லை. கெட்ட பிள்ளை என்று சொல்லியும் கேட்டதில்லை.

அவருடைய முன்கதையை அறிய நான் எடுத்த முயற்சிகளில் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம், வீட்டில் மணிலாக் கடலைப் பயிர் வைத்திருந்தார்கள். ஏன் இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று ஒருநாள் படியிறங்கும்போது கேட்டேன்.

"சின்ன வயசுல எங்க வீட்டு ரேடியோவைத் தூக்கிக் கெணத்துல போட்டவ நான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன சார், ரேடியோ பாடல."

நான் சிரித்து முடிக்கும்வரை இருந்துவிட்டுச் சொன்னார். "அடிச்சாங்க. நல்லா அடிச்சாங்க. ஆனா ஏன் போட்டேன்னு இன்னி வரைக்கும் யாரும் கேக்கல. இப்ப யாராவது கேட்டாலும் பிரயோசனம் இல்ல, எனக்கே மறந்துடுச்சு."

எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பலித்தது என்று எழுத மாட்டேன். பென்சில் உடைக்கும் பையனின் தந்தை, இங்கே வந்த பிறகு பையன் எதிர்த்துப் பேசுகிறான் என்று சொல்லி நிறுத்திவிட்டார். மேடம் அந்த வீட்டுக்கு இருமுறை போனார். இரண்டாம் முறை வாசலிலேயே வைத்துப் பேசி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை பையனின் நீல நிறக் கிளிப்பை அவர் எடுக்காமல் கயிற்றிலேயே விட்டுவைத்தார். சில வருடங்களுக்குப் பிறகு அவரும் தன் மகளோடு இருக்க ஓசூர் பக்கம் போய்விட்டார். தாரிணி இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், அதே பள்ளியில். அது எப்படி அதே பள்ளியாக இருந்தது என்பதுதான் சொல்ல வேண்டிய மீதி.

தாளாளர் கெடு வைத்த அந்தப் பருவம் முழுக்கத் தாரிணி எதையும் வீசவில்லை. ஆனால் இரண்டு முறை, பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே, யாரிடமும் சொல்லாமல் வகுப்பைவிட்டு எழுந்து போய்விட்டாள். ஒருமுறை பள்ளி முழுக்கத் தேடியிருக்கிறார்கள். குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். எங்கே போனாய் என்று ஆசிரியை கேட்டதற்கு, அதைக் கேட்கக் கூடாது என்று பதில் சொல்லியிருக்கிறாள்.

பருவ முடிவில் தாளாளர் எங்களை வரச் சொன்னார். மனைவிக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை. நான் கேட்டதும் மேடம் உடன் வந்தார். தாரிணியை வெளியே உட்காரவைக்கலாம் என்று பள்ளியில் சொன்னதை அவர் ஏற்கவில்லை. "அவளப் பத்திப் பேசறதை அவ கேக்கணும்." மூன்று பேரும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தோம்.

தாளாளர் முன்பு கணக்கு ஆசிரியையாக இருந்தவர். நியாயமானவர் என்றே பெயர். "முன்னாடி எறிஞ்சா. இப்ப சொல்லாம எழுந்து போறா. இதுல எதை நான் முன்னேற்றம்னு எடுத்துக்கறது, நீங்களே சொல்லுங்க" என்றார்.

"எழுந்து போறது நான் சொல்லிக்குடுத்ததுங்க" என்றார் அவர்.

"முப்பத்தஞ்சு பிள்ளைங்க இருக்கற கிளாஸ் மேடம். ஆளாளுக்கு எழுந்து போனா டீச்சர் போர்டைப் பார்ப்பாங்களா, வாசலைப் பார்ப்பாங்களா? வெளிய போன பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நியாயம்தான். அதுக்கு ஒரு வழி பண்ணலாம். எங்க போறான்னு தெரியற மாதிரி ஒரு எடம்..."

"வழியெல்லாம் வேணாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். இனிமே கோவப்பட மாட்டா, கிளாஸை விட்டுப் போக மாட்டான்னு சாரும் நீங்களும் எழுதிக் குடுங்க. நான் மத்த பேரன்ட்ஸுக்குக் காட்டிக்கறேன். இவ இங்கயே படிக்கட்டும்."

என் பேனா மேசைக்கு வந்துவிட்டது. அவர் அதன்மேல் கையை வைத்தார்.

"எழுத முடியாதுங்க. கோவம் வரும். எனக்கே வருது. வராதுன்னு எழுதினா அது பொய். அந்தப் பொய்ய காப்பாத்தறதுக்கு இவ தெனம் தெனம் உள்ளுக்குள்ள போட்டு அமுக்கணும். ஒருநாள் மறுபடி பாட்டில் பறக்கும்."

"அப்ப மத்த பிள்ளைங்களுக்கு நான் என்ன உத்தரவாதம் குடுக்கறது?"

"எனக்கு நெஞ்சுக்கு வந்துட்டு இருக்குங்க. கொஞ்சம் மெதுவாப் பேசலாம்."

"என்னது வந்துட்டு இருக்கு?" என்றார் தாளாளர். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவருக்கும் பொறுமை போயிருந்தது. "இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னு தனியா ஸ்கூல் இருக்குல்ல மேடம்? அங்க சேர்த்துட்டா இவளுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி."

மேடம் எழுந்தார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். கதவு தானாக மெதுவாகச் சாத்திக்கொண்டது.

காரியம் கெட்டது என்று நினைத்தேன். எழுதிக் கொடுக்கவிடாமல் தடுத்துவிட்டு, வாதாட வேண்டிய நேரத்தில் எழுந்து போய்விட்டார். தாளாளர் என்னைப் பார்த்தார். "என்ன சார் இது? பேசிட்டு இருக்கும்போதே எழுந்து போறாங்க?"

தாரிணிதான் பேசினாள்.

"அவங்களுக்குக் கழுத்துக்கு வந்துடுச்சு மேம்."

"என்ன வந்துடுச்சு?"

"கோவம். இப்ப பேசினா உங்களத் திட்டிடுவாங்க. அதான் போய்ட்டாங்க."

தாளாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தார். தாரிணி இரண்டு கையாலும் மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள்.

"உனக்கு?"

"எனக்கும் கழுத்துக்கிட்ட."

"எதுக்கு?"

"தனி ஸ்கூல்னு சொன்னீங்கல்ல."

"அப்ப நீ ஏன் எழுந்து போகல?"

"போனா டிசி குடுத்துடுவீங்க."

தாளாளர் கண்ணாடியை எடுத்தார், போடாமல் திரும்ப வைத்தார். முப்பத்தைந்து பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அந்தச் சிக்கல் அவர் முகத்தில் இருந்தது. அது தீர்ந்த மாதிரியும் எனக்குத் தெரியவில்லை.

"எங்க போய் உக்காருவே?" என்று கேட்டார்.

"குழாய்கிட்ட. படிக்கட்டுல."

"சரி, போ. எறங்கினதும் வா. டிசி குடுக்கல."

"நெஜமாவா மேம்?"

"நெஜமா. போ."

அவள் மேசையை விட்டாள். விரல்கள் இருந்த இடத்தில் மேசைக் கண்ணாடி மேல் ஈரம் இருந்தது. அவள் வெளியே போனதும் நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். மேடம் வராந்தாவில் இல்லை. பள்ளியின் கேட்டருகே, எங்களுக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்தபடி நின்றிருந்தார். தாரிணி அவரிடம் போகவில்லை. நேரே குழாய்ப் படிக்கட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் திரும்பினார். அவளைப் பார்த்தார். நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு அவள் பேசினாள், அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாசலோரமா இடம் போட்டுத் தரச் சொல்றேன்" என்று தாளாளர் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "எழுந்து போனா டீச்சருக்குத் தெரியணும். கையை மட்டும் காட்டிட்டுப் போகட்டும். அந்தப் படிக்கட்டைத் தாண்டக் கூடாது. மத்த பேரன்ட்ஸ்கிட்ட நான் பேசிக்கறேன். அது கஷ்டம்தான், பேசறேன்."

அவர்கள் இருவரும் உள்ளே வந்தார்கள், தாரிணி முன்னால். அவர் உட்கார்ந்து, மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்தார். "முட்டிக்கு வந்துடுச்சுங்க. எழுந்து போனதுக்குத் தப்பா எடுத்துக்காதீங்க. எங்க விட்டோம்?"

"விட்டது போகட்டும் மேடம்" என்றார் தாளாளர். "திங்கட்கிழமை வழக்கம்போல வரச் சொல்லுங்க."

வெளியே வெயில் ஏறியிருந்தது. கேட்டைத் தாண்டும்போது தாரிணி அவருடைய கைப்பை வாரைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, நீங்க அப்படியே வீட்டுக்குப் போகத்தானே இங்க வந்து நின்னீங்க?"

"ஆமா."

"ஏன் போகல?"

"ஆட்டோ வரல."

"சும்மா சொல்லாதீங்க."

"சும்மா இல்லடி, நெஜம். ஆட்டோ வந்திருந்தா ஏறியிருப்பேன். அவ்ளோ கோவம்" என்றார் அவர். "ஏறியிருந்தாலும் நீ திங்கட்கிழமை இந்த ஸ்கூலுக்குத்தான் வந்திருப்பே. உள்ள பேசினது நீ."